சீனத்தும்மாவின் முகம் கட்டாருக்குப் போன நாள்

கல்முனை பஸாரில் ஸலாஹுதீனைத் தெரியாதவர்கள் குறைவு. பிரின்டர் மக்கர் பண்ணினாலும் அவரிடம்தான் போவார்கள், போனைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டாலும் அவரிடம்தான் போவார்கள். ஆனால், "கலியாணத்தை லைவில காட்டித் தாங்க, மாப்பிள்ளைட வாப்பா சவூதில" என்று யாராவது வந்து நின்றால் அந்த மனிதர் திருகாணியை மேசையில் வைத்துவிட்டு, "அது இப்ப செய்யிறல்ல" என்பார். ஏன் என்று கேட்டால் பதில் வராது. காசு பெருத்துப்போச்சு என்றார்கள் சிலர். சோதனைச் சாவடியில் லெப்டொப்பைப் பறித்து இரண்டு அடி போட்டிருப்பார்கள், அந்தப் பயம் என்றார்கள் வேறு சிலர். பஸாரில் காரணங்களுக்கு எப்போதாவது பஞ்சம் வந்ததுண்டா? நடந்தது இவை ஒன்றுமில்லை.

சுனாமிக்கு முன்னர் அவருக்கு மருதமுனையில், கடலைப் பார்த்த வீதியில், ஒரு வீடியோக் கடை இருந்தது. கலியாண வீடுகளில் தோளில் கமராவோடு நுழைந்தால் சோறு போடுகிறவர்கள்கூட ஒருமுறை தலையைத் தடவிக்கொள்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சவளக்கடைப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். வயல் நடுவே நின்று மாப்பிள்ளை ஊர்வலத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான், கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று ஒருவன் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கத்தினான். திரும்பி வந்தபோது கடையும் இல்லை, வீடும் இல்லை, மனைவி ஹாஜறாவும் இல்லை.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வயல் வாய்க்கால் என்று பகல் முழுக்க நாய் படாத பாடு பட்டுத் தேடினார். பின்னேரம் மையவாடிக்கு ஓடிப்போனபோது நீளக் குழியை மூடிக்கொண்டிருந்தார்கள். கையில் வளையலோடு உயரமான பெண் ஒருத்தி இருந்தாள் என்றார் மண்வெட்டியோடு நின்றவர்.

"முகம் எப்படி இரிந்த?" என்று ஸலாஹுதீன் கேட்டார்.

"முகம் பாக்க ஆருக்குத் தம்பி நேரம் இரிந்த" என்றார் அவர். அந்த ஆள்மீது குற்றம் சொல்ல முடியாது. அவர் காலையிலிருந்து தன்னுடைய பிள்ளைகள் இருவரையும் சேர்த்துத்தான் அடக்கிக்கொண்டிருந்தார்.

அது ஹாஜறாவா, வேறொருத்தியா என்பது ஸலாஹுதீனுக்கு இன்றுவரை தெரியாது. ஊரில் எத்தனை கலியாணம், எத்தனை மணப்பெண் என்று கமராவுக்குள் பிடித்து வைத்த மனிதனிடம் சொந்த மனைவியின் முகம் ஒரு துண்டுப் படமாகக்கூட மிஞ்சவில்லை. கசெட்டுகள் எல்லாம் கடையோடு போய்விட்டன. இதைவிட ஒருவனை எப்படி அவமானப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

தகரக் கொட்டில் முகாமில் இருந்த காலத்தில், வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பிள்ளைகளுக்கென்று நாலைந்து கொம்பியூட்டர்களை இறக்கியது. பிள்ளைகள் விளையாடிய நேரம் போக மீதி நேரம் ஸலாஹுதீன் அவற்றின் முன்னால் கிடந்தார். அதில் பிடித்த பிடி, கல்முனை பஸாரில் ஒரு சின்ன நெட் கபேயில் வந்து முடிந்தது. வெப்கேம் வைத்து, பிரவுசரில் ஒரு தளத்தைத் திறந்து, 'ஒளிபரப்பு' என்று அழுத்தினால், கிடைக்கிற லிங்க்கை யாருக்கு அனுப்பினாலும் அவர்கள் உலகத்தின் எந்த மூலையிலும் அதே நேரத்தில் பார்க்கலாம் என்பதை அவர் கண்டுபிடித்த நாளில், கடையை இழுத்து மூடிவிட்டுப் போய்த் தனியாக ஒரு தேத்தண்ணீர் குடித்தாராம். அதற்குமேல் கொண்டாட அவருக்கு ஆளில்லை.

அன்றிலிருந்து அவர் கலியாண வீடுகளுக்கு மறுபடியும் போனார். இந்தமுறை லெப்டொப்போடு. வேலை சுலபமில்லை. வீட்டில் லைன் இருக்காது. போனைக் கேபிளில் மாட்டி மொடமாக்க வேண்டும். சிக்னல் எங்கே எழும்புகிறது என்று வளவு முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கிணற்றடியில் கிடைத்தால் கிணற்றடி, கோழிக்கூட்டில் கிடைத்தால் கோழிக்கூடு. கமராவைத் திறக்கலாமா என்று பிரவுசர் ஒரு சின்னப் பெட்டியில் கேட்கும், அதற்குச் சம்மதம் கொடுக்க வேண்டும். பிறகு அந்தப் பக்கத்து ஆளைப் போனில் பிடித்து, லிங்க்கை எழுத்தெழுத்தாகச் சொல்லி, படம் தெரிகிறதா, சத்தம் கேட்கிறதா என்று உறுதிப்படுத்த வேண்டும். படம் இங்கிருந்து அங்கே போகும். அங்கிருந்து இங்கே எதுவும் வராது. பார்க்கிறவர்கள் ஏதும் சொல்ல விரும்பினால் படத்துக்குப் பக்கத்தில் உள்ள கட்டத்தில் எழுதலாம், அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவர் எப்போதும் ஒரு பாடம் சொல்லுவார். "படம் நிண்டுபோகும். நிண்டா பயப்படாதீங்க. ரெண்டு மூணு இடத்துல திறந்து வைங்க. ஒண்டு நிண்டா மத்தது ஓடும்." இது அவர் பட்டுத் தெரிந்த பாடம். பலமுறை பலித்த பாடம்.

இடையில் ஒரு வில்லங்கம் வந்தது. சாய்ந்தமருதில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளையின் மச்சானுக்கென்று கொடுத்த லிங்க் ரியாத்தில் ஒரு தொழிலாளர் விடுதி முழுக்கப் பரவி, முன்பின் தெரியாத ஆண்கள் கூட்டமாக இருந்து மணப்பெண்ணைப் பார்த்திருக்கிறார்கள். பள்ளிவாசலில் அவரைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார்கள். பெண்ணின் வாப்பா அவர் முகத்தில் விழிப்பதையே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஸலாஹுதீன் பெண்கள் பக்கம் கமரா வைத்தால், அந்த வீட்டுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, திரையின் மூலையில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை தெரியும் இடத்தைக் காட்டிக் கொடுப்பார். "இதுல ஒண்டுக்கு மேல வந்தா எனக்குச் சொல்லி இரிக்காதீங்க. உடன மூடிப்போடுங்க."

இந்த இரண்டு பாடங்களையும் ஒரே வாய்தான் சொன்னது. ஒன்று அந்தக் கரைக்கு, மற்றது இந்தக் கரைக்கு. இரண்டையும் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தபோது வன்னியில் சண்டை முற்றிவிட்டது. பாண்டிருப்பிலிருந்து பாக்கியராசா என்று ஒரு கடற்றொழிலாளி தினமும் கடைக்கு வருவார். மகன் வினோஜ் வன்னியில் என்பதற்குமேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை, ஸலாஹுதீன் கேட்டதுமில்லை. அங்கிருந்து வெளியே வருகிற வீடியோக்களைத் திறந்து வைத்துக்கொண்டு, சனங்கள் கூட்டமாக ஓடும் இடங்களில் நிறுத்தச் சொல்லுவார். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். "இதில இல்ல தம்பி, அடுத்தத போடுங்க" என்பார். யாராவது பார்த்து வைத்தால் கடைக்கே ஆபத்து. ஸலாஹுதீன் அந்தத் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாரே தவிர, ஒருநாளும் அவரை எழும்பச் சொல்லவில்லை. முகம் தேடுகிற ஆளை எழுப்ப அவருக்கு மனம் வராது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. சுபஹ் தொழுகை முடிந்து வந்து கடையைத் திறக்க முன்னமே டோஹாவிலிருந்து ஷரிபுதீன் எடுத்தார். நற்பிட்டிமுனைக்காரர். கட்டாரில் கட்டட வேலை. ஏற்கெனவே தங்கச்சியின் நிக்காஹைக் கடையின் லைவில் பார்த்தவர்.

"உம்மா மௌத்தாயிட்டா காக்கா" என்றார். "ஜும்ஆ முடிஞ்ச உடன அடக்கிறாங்க. எனக்கு வர ஏலா. பாஸ்போட் கம்பனிட கையில. முகத்தை மட்டும் ஒருக்கா காட்டுங்க."

"காட்டுறன் தம்பி" என்றார் ஸலாஹுதீன். "நான் காட்டுறன். நீங்க நெட் கபேக்குப் போய் இரிங்க. ஒண்டுல நிண்டா மத்ததுல ஓடும், ரெண்டு மூணு இடத்துல திறந்து வைங்க." வாய் பழக்கத்தில் சொல்லியது.

சீனத்தும்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவர் ஷரிபுதீன், இளையவள் நதீரா. புருசனைச் சுனாமி கொண்டுபோனது. நதீராவின் வீட்டில்தான் அந்த மனுசி கண்ணை மூடியது. ஸலாஹுதீன் லெப்டொப்போடு படலையில் நின்றபோது நதீரா அழுது வீங்கிய முகத்தோடு வந்து, வாசல் சீலைக்கு அப்பால் நின்று, முடியாது என்றாள்.

"உம்மா உசிரோட இரிக்கக்குள்ள தலைச்சீலை இல்லாம வேலிப் பக்கம்கூட போகல்ல. மௌத்தான பிறகு கண்டவனெல்லாம் அவட முகத்தைப் பாக்கிறயா?"

"கண்டவன் இல்ல புள்ள. உங்கட கூடப்பிறந்த காக்கா."

"சாய்ந்தமருதுல நடந்தது எங்களுக்குத் தெரியாதா?"

யாரிடமும் சொல்லாத ஒன்றை ஸலாஹுதீன் சீலைக்கு அந்தப் பக்கம் நின்ற அந்தப் பிள்ளையிடம் சொன்னார். "நான் என்ட பெண்சாதிட முகத்தைப் பாக்கல்ல. அவவத்தான் அடக்கின எண்டும் தெரியா. நாலு வருசமாகுது, ரோட்டால போற பொம்புளையளை இன்னும் பாக்கிறன். உங்கட காக்காக்கு அது வேணாம்."

நதீரா அழுதாள். பிறகு சம்மதித்தாள். ஆனால் நிபந்தனை வைத்தாள். ஆண்கள் யாரும் அறைக்குள் வரக்கூடாது. எதையும் பதிந்து வைக்கக்கூடாது. காக்காவைத் தவிர ஒரு கண்ணும் பார்க்கக்கூடாது. ஸலாஹுதீன் மூன்றுக்கும் அல்லாஹ்வின்மீது ஆணையிட்டார். மையித்தைக் குளிப்பாட்டிக் கொண்டுவர முன்னர், ஆளில்லாத அறையில் லெப்டொப்பை ஒரு ஸ்டூலில் வைத்து, கமராவைக் கட்டிலுக்கு நேரே பிடித்து, யாஸீன் ஓதுவதாவது ஷரிபுதீனுக்குக் கேட்கட்டும் என்று மைக்கைத் திறந்து விட்டார். எண்ணிக்கை தெரியும் இடத்தை நதீராவுக்குக் காட்டினார். "இதுல ஒண்டு எண்டு இரிக்கும். அது உங்கட காக்கா. ஒண்டுக்கு மேல வந்தா துவாயைப் போட்டு மூடிருங்க."

"ஓம்" என்றாள் நதீரா. படித்த பிள்ளை. ஒருதரம் சொன்னால் போதும்.

சிக்னல் அந்த அறைச் சன்னலுக்கு வெளியே, அதுவும் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில்தான் கிடைத்தது. கேபிளைச் சன்னல் சீலைக்கு அடியால் எடுத்து, போனை மாட்டி, சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைத் தூக்கிப் பிடித்தபடி ஸலாஹுதீன் நின்றார். மொடமாக மாட்டிய போனுக்கு அழைப்பு வராது. அதைப் பற்றி அவர் அன்று நினைக்கவுமில்லை. நதீராவின் போனில் ஷரிபுதீனுக்கு லிங்க்கைச் சொல்லி முடித்ததும், அது முற்றத்தில் அவள் புருசனின் கைக்குப் போய்விட்டது. ஏறாவூர்ச் சொந்தக்காரருக்கும் அக்கரைப்பற்றுச் சொந்தக்காரருக்கும் அடக்குகிற நேரத்தைச் சொல்லிச் சொல்லி அந்த மனிதர் அதைக் காதைவிட்டு எடுக்கவே இல்லை.

உள்ளே பெண்கள் மையித்தைக் கொண்டுவந்து கிடத்தும் அரவம் கேட்டது. யாஸீன் தொடங்கியது. வெயில் நெற்றியில் அடித்தது, கை மரத்துப்போனது, மற்றக் கைக்கு மாற்றினார். போன் திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்து நின்றன. இத்தனை வருட வேலையில் லைன் இப்படி ஒரு சொட்டும் ஆடாமல் நின்றது அன்றுதான். கட்டாரில் ஒரு மகன் தன் உம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று ஸலாஹுதீன் நினைத்தார். சுனாமிக்குப் பிறகு அவர் நெஞ்சு கொஞ்சம் லேசானது அந்த நேரத்தில்தான். வாய்க்குள் ஹாஜறாவுக்கும் ஒரு பாத்திஹா ஓதினார்.

ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பள்ளிக்குப் போனபின், சாமான்களை எடுக்கச் சொல்லி அவரை உள்ளே கூப்பிட்டார்கள். மற்றப் பெண்கள் பின்கட்டுக்குப் போய்விட்டார்கள். நதீரா மட்டும் வெறும் கட்டிலின் பக்கத்தில் நின்றாள். ஸ்டூலில் இருந்த லெப்டொப்பின் மேல், திரையோடும் கமராவோடும் சேர்த்து, ஒரு துவாய் கிடந்தது.

"நீங்க சொன்னபடி செஞ்சன் காக்கா" என்றாள் அவள். "ஏழு பேர் பாத்தாங்க. முதல்ல ஒண்டு எண்டுதான் இரிந்த. மறுகா ரெண்டு, மூணு, கிடுகிடு எண்டு ஏழுக்குப் போயிட்டு. உம்மாட முகத்துல கபன் சீலையைத் திறக்க முதலே மூடிப்போட்டன். ஒரு கண்ணும் பாக்கல்ல."

அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. உம்மாவுக்குக் கடைசியாகச் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துவிட்ட பிள்ளையின் நிம்மதி.

ஸலாஹுதீன் துவாயை எடுத்தார். தளம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் ஏழு என்றே இருந்தது. பக்கத்துக் கட்டம் மேலிருந்து கீழ்வரை நிறைந்திருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ்.

தங்கச்சி ஏழும் நான்தான்.

வேற ஆரும் இல்ல. நான் தனிய இரிக்கன்.

கடைக் காக்காதான் ரெண்டு மூணு இடத்துல திறக்கச் சொன்னார்.

துவாயை எடு.

நதீரா துவாயை எடு.

துவாயை எடு தங்கச்சி.

அதே வரி கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. இடையில் எழுத்துகள் மாறி, வெறும் தட்டலாக, ஒன்றும் விளங்காத இரண்டு மூன்று வரிகள்.

வெள்ளிக்கிழமைக் காலையில் டோஹா நெட் கபே வெறிச்சோடிக் கிடக்கும். கடைக்கார மலையாளி விசயத்தைக் கேட்டுவிட்டு, இருந்த கொம்பியூட்டர்கள் முழுவதையும் ஷரிபுதீனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான். படம் எந்த இடத்தில் நின்றாலும் உம்மாவின் முகம் தவறக்கூடாது என்று ஷரிபுதீன் ஒவ்வொன்றாகப் போய் லிங்க்கை அடித்துத் திறந்து வைத்தார். ஏழாவதைத் திறந்து முடித்து நிமிர்ந்தபோது ஏழும் ஒன்றாக இருட்டாகின. சத்தம் மட்டும் நிற்கவில்லை. துவாய் படத்தைத்தான் மறைக்கும், மைக்கை மறைக்காது. ஏழு பேர் பார்க்கிறார்கள், அதனால் துவாயைப் போட்டு மூடிவிட்டேன் என்று தங்கச்சி மற்றப் பெண்களிடம் சொன்னதையும், முகத்தைத் திறங்க, கடைசியா ஒருக்கா கொஞ்சிறன் என்று அவள் அழுததையும் அவர் கேட்டார். ஏழு இருட்டுத் திரைகளுக்கு நடுவே நின்று கேட்டார். ஸலாஹுதீனின் போனுக்கு எடுத்தார், போகவில்லை. நதீராவின் போனுக்கு எடுத்தார், எங்கேஜ். பிறகு எழுதத் தொடங்கினார்.

பள்ளிக்கு ஓடலாமா என்று ஸலாஹுதீன் நினைத்தார். ஆனால் அங்கே கபன் கட்டி, சந்தூக்குப் பெட்டியை மூடி, ஊரே வரிசையில் நிற்கிறது. ஆண்கள் நடுவே ஒரு பெண்ணின் முகத்தைத் திறக்கச் சொல்ல எந்த நாக்குக்குத் துணிவு வரும்? எதையும் பதியவும் இல்லை. ஆணையிட்டவர் அவரேதான்.

"காக்கா என்னமோ எழுதி இரிக்கார் போல" என்று நதீரா ஒரு அடி எடுத்து வைத்தாள். "பாத்தாரா? ஏழாக முதல் ஒண்டா இரிந்த நேரம் உம்மாவ ஒருக்காவாவது பாத்திரிப்பார் தானே?"

அந்த நேரம் மையித்தைக் கிடத்தவே இல்லை. கமராவுக்கு நேரே இருந்தது வெறும் கட்டில்.

ஸலாஹுதீன் திரையைத் தன் பக்கம் திருப்பினார். உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளை இனி எப்படித் தூங்கும்? அவள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தாள். இரண்டு கரைக்கும் இரண்டு கதை சொன்ன வாய்தான் பிழை. அந்த வாயால் இன்னொரு பொய்யையும் சொல்லித் தொலைக்கலாம் என்று அவர் முடிவெடுத்தார்.

"பாத்தாராம் புள்ள" என்றார். "மையித்தைக் கொண்டு வரக்குள்ள முகச்சீலை கொஞ்சம் விலகி இரிந்ததாம். நல்லாப் பாத்தன் எண்டு எழுதி இரிக்கார். துஆச் செய்யட்டாம்."

நதீரா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

பிரவுசரை மூடப் போன ஸலாஹுதீனின் விரல் அப்படியே நின்றது. மைக்கின் சின்னம் இன்னும் பச்சையாக இருந்தது. தான் இப்போது சொன்னதை, சொல்லச் சொல்ல, அந்த மனிதர் ஏழு திரையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மூடவும் முடியவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

பிறகு கட்டத்தில் ஒரு வரி வந்தது.

ஓம் காக்கா. பாத்தன் எண்டே அவட்ட சொல்லுங்க.

"என்னவாம்?" என்று நதீரா விரல்களுக்கு இடையால் கேட்டாள்.

"பாத்தன் எண்டு சொல்லுறார்" என்றார் ஸலாஹுதீன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் நதீரா.